முதியோரின் வாக்கும் நம் கையிலுள்ள அமானிதமும்

 

 

2016ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், ஓர் இளைஞர் மட்டும் தூணருகே அமர்ந்திருந்தார். விளக்கை அணைக்கச் சென்ற என்னிடம், "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். கேட்டதை அவர் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று.

அவருடைய நன்னாவை நான் நன்கறிவேன். எண்பது வயதுப் பெரியவர். சர்க்கரை நோயினால் இரு கண்களின் பார்வையும் போயிருந்தது. ஆயினும் முதல் ஸஃப்பில் அவருடைய இடம் காலியாக இருந்து நான் கண்டதில்லை. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் தமது முதல் வாக்கைப் பதிவு செய்தவர் அவர். வாக்களிக்க இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டிய காலம் அது. (வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது 1989இல்.) அதன் பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். 2016 மே மாதம் சட்டமன்றத் தேர்தலுக்குப் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு சென்றார். இயந்திரத்தின் முன் நின்று, தாம் விரும்பிய சின்னத்தைப் பேரனின் காதில் சொன்னார். பேரனோ வேறொரு சின்னத்தின் பொத்தானை அழுத்தினார். "பீப்" என்ற ஓசை எழுந்தது. பெரியவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இருவரும் வீடு திரும்பினர்.

மூன்று வாரத்தில் ரமளான் பிறந்தது. அதன் கடைசிப் பத்தில் பெரியவர் மவ்த்தாகிவிட்டார்.

"ஹஜ்ரத், இதற்குக் கஃப்பாரா என்ன?" என்பதே அந்த இளைஞரின் கேள்வி.

மத்ரஸாவில் ஏழாண்டுகள் ஓதியவன் நான். சத்தியத்தை முறித்தவனுக்குக் கஃப்பாரா உண்டு. நோன்பை முறித்தவனுக்குக் கஃப்பாரா உண்டு. ஆனால் இதுவோ ஹக்குல் இபாத், ஓர் அடியானுக்கு இன்னோர் அடியான் இழைத்த உரிமைக்கேடு. உரியவர் மன்னித்தாலன்றி அது தீராது. உரியவரோ மண்ணறையில் இருக்கிறார். இஸ்திக்ஃபார் செய்யும்படியும், நன்னாவின் பெயரால் ஸதகா கொடுக்கும்படியும், அவருக்காக துஆ கேட்கும்படியும் சொல்லி அனுப்பினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்வதைப் பற்றி அதுவரை ஒரு ஜுமுஆவிலும் நான் பேசியதில்லை. என்னைத்தான் முதலில் குற்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சகோதரர்களே! வாக்கு என்பது என்ன? 'மஆரிஃபுல் குர்ஆன்' தஃப்ஸீரின் ஆசிரியர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் இதனை ஆராய்ந்து, வாக்கு ஒரு சாட்சியம், ஒரு பரிந்துரை, ஒரு பிரதிநிதியை நியமித்தல் என மூன்று வகையில் விளக்கியிருக்கிறார்கள். இந்த மூன்றில் சாட்சியம் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம். தன் சாட்சியத்தை மறைப்பவன் பாவியென்றால், மற்றொருவருடைய சாட்சியத்தை மாற்றிச் சொல்பவனின் நிலை என்ன? கண் தெரியாதவருடன் செல்பவர் வெறும் விரல்தான். சாட்சி அந்தப் பெரியவரே.

நம் நாட்டின் சட்டமும் இவ்வாறே சொல்கிறது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49என் என்றொரு விதி உண்டு. பார்வையின்மையாலோ உடல் தளர்ச்சியாலோ இயந்திரத்திலுள்ள சின்னங்களை அறிய முடியாதவர், அல்லது உதவியின்றி வாக்கைப் பதிய முடியாதவர், பதினெட்டு வயதுக்குக் குறையாத ஒரு துணையாளரைத் தம்முடன் மறைவிடத்திற்கு அழைத்துச் செல்லலாம். அந்தத் துணையாளர் இரகசியம் காப்பதாக உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரே நாளில் ஒருவருக்கு மேல் எவருக்கும் துணையாகச் செல்ல முடியாது. தெருவில் பத்து முதியவர்களைத் திரட்டி ஒரே ஆள் பத்து பொத்தானையும் அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டு. எழுதப் படிக்கத் தெரியாமை மட்டும் இதற்குக் காரணமாகாது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். அவர்களுக்காகத்தான் சின்னங்கள் இருக்கின்றன.

துணையாளர் யார் என்பதைத் தேர்ந்தெடுப்பவர் அதிகாரியும் அல்லர், வாசலில் நிற்கும் கட்சிக்காரரும் அல்லர், வாக்காளரே ஆவார். பிள்ளைதான் வர வேண்டும் என்றும் இல்லை. தம் பிள்ளையை விட அண்டை வீட்டாரை ஒருவர் அதிகம் நம்பினால், அது அவருடைய உரிமை. நமக்கு அது வருத்தமாக இருக்கலாம். ஏன் அப்படி நேர்ந்தது என்று வீட்டிற்குள் யோசித்துக்கொள்வோம்.

அந்தப் "பீப்" ஓசையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். ஒரு வாக்கு பதிவாயிற்று என்பதை அது அறிவிக்கும். யாருக்கு என்பதை அறிவிக்காது. இப்போது ஒப்புகைச் சீட்டு இயந்திரம் வந்திருக்கிறது. அழுத்திய சின்னம் கண்ணாடிக்குள் ஏழு வினாடிகள் தெரியும். கண்ணுள்ளவர்களுக்கு அது உறுதியளிக்கிறது. கண்ணில்லாதவருக்கோ அந்த ஏழு வினாடிகளும் இருள்தான். ஆகவே இயந்திரம் எவ்வளவு முன்னேறினாலும், துணையாகச் செல்பவரின் நெஞ்சிலுள்ள இறையச்சத்தைத் தவிர அந்தப் பெரியவருக்கு வேறு காவல் இல்லை.

துணையே தேவையில்லாமல் தாமே வாக்களிக்க விரும்பும் பார்வையற்றோருக்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. இயந்திரத்தின் ஒவ்வொரு நீலப் பொத்தானுக்கும் அருகில் 1 முதல் 16 வரையிலான எண்கள் பிரெய்லி புள்ளிகளில் பொறிக்கப்பட்டிருக்கும். வேட்பாளர்களின் பெயர்கள் வரிசைப்படி பிரெய்லியில் அச்சிடப்பட்ட ஒரு மாதிரித் தாள் தலைமை அலுவலரிடம் இருக்கும். அதைத் தடவிப் படித்து, எண்ணை மனத்தில் கொண்டு, தனியே சென்று பொத்தானை அழுத்தலாம். இது தானாக வந்த வசதி அன்று. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. சாவடிகளில் சாய்வுப் பாதை அமைக்க வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டில் ஹைதராபாதின் ஆசிஃப் நகர்த் தொகுதி இடைத்தேர்தலில் பிரெய்லி பொறித்த இயந்திரங்கள் சோதித்துப் பார்க்கப்பட்டன. அதற்கு முன்பு அரை நூற்றாண்டுத் தேர்தல்கள் நடந்திருந்தும், யாரேனும் சென்று கேட்கும்வரை அது நடக்கவில்லை.

கேட்டதனால் விதி மாறியது என்றவுடன் எனக்கு அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் நினைவு வருகிறது. அவர்கள் பார்வையற்ற ஸஹாபி. வீட்டில் தங்கிவிட்டோரும் அறப்போருக்குப் புறப்பட்டோரும் சமமாக மாட்டார்கள் என்ற கருத்துள்ள வசனம் இறங்கி, நபி (ஸல்) அவர்கள் அதனை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு எழுதச் செய்துகொண்டிருந்தபோது, இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தார்கள். தம்மால் இயலுமாயின் தாமும் புறப்பட்டிருப்போமே என்று முறையிட்டார்கள். உடனே வஹீ இறங்கியது. இயலாமை உள்ளோருக்கு விலக்களிக்கும் சொற்கள் அந்த வசனத்தில் சேர்ந்தன. ஸைத் (ரலி) அவர்களின் தொடை மீது நபியவர்களின் தொடை இருந்ததாகவும், வஹீயின் பாரத்தால் தம் தொடை நசுங்கிவிடுமோ என அஞ்சியதாகவும் அவர்களே அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. ஓர் இயலாதவரின் முறையீட்டிற்கு அர்ஷின் அதிபதி அந்த அளவு மதிப்பளித்தான். விலக்குப் பெற்ற அவர்களை மூலையில் உட்கார வைத்துவிடவும் இல்லை. பிலால் (ரலி) அவர்களுடன் அவர்களும் மதீனாவின் முஅத்தினாக இருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் பலமுறை மதீனாவின் பொறுப்பு அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

விலக்கும் வேண்டும், பங்கும் வேண்டும் என்பதே நம் முதியோரின் நிலை. இப்போதுள்ள சட்டத்தில் இந்த இரண்டிற்கும் இடமிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எல்லாச் சாவடிகளும் அவர்கள் எளிதில் அணுகத்தக்கவையாக இருப்பதை உறுதி செய்யும் கடமையைத் தேர்தல் ஆணையங்களின் மீது வைத்துள்ளது. அதற்கடுத்து 2019 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, மூத்த குடிமக்களும் மாற்றுத்திறனாளிகளும் தம் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு மூலம் வாக்களிக்க வழி பிறந்தது. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது வயதைக் கடந்தோருக்கு இது கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் அந்த வயது எண்பத்தைந்தாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளாயின் நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத ஊனம் இருப்பதற்கான சான்று வேண்டும்.

முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் 12டி என்ற படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரைச் சென்று சேர வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டிற்கு வந்து படிவம் தருவார், நிரப்பியதை வாங்கியும் செல்வார். பின்னர் குறித்த நாளில் அலுவலர்கள் காவலருடனும் ஒளிப்பதிவாளருடனும் வீட்டிற்கு வந்து, மறைவான இடம் அமைத்து வாக்கைப் பெற்றுச் செல்வர். அன்று அவர் வீட்டில் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். அதன் பின் இல்லை. 12டி கொடுத்தவர் பிறகு மனம் மாறிச் சாவடிக்குச் சென்றால் அங்கே வாக்களிக்க முடியாது. ஐந்து நாள் என்பது மிகக் குறுகிய அவகாசம். பிள்ளைகள் துபாயிலும் ரியாதிலும் இருக்க, அத்தாவும் அம்மாவும் தனியே வாழும் வீடுகள் நம் மஹல்லாவில் எத்தனை? அந்த வீட்டின் கதவை அலுவலர் தட்டும்போது, அது என்ன காகிதம் என்று விளக்கிச் சொல்ல ஆளில்லை. "ஏதோ சர்வே" என்று திருப்பி அனுப்பிவிட்ட ஒரு நன்னியை எனக்குத் தெரியும்.

வீட்டில் வாக்களிப்பது கட்டாயம் அன்று. தேர்தல் நாளில் நடந்து சென்றே வாக்களிப்பேன் என்பவரை யாரும் தடுக்க முடியாது. சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று அறியப்பட்டவர் இமாச்சலப் பிரதேசம் கல்பா கிராமத்தின் ஷியாம் சரண் நேகி. 1951 அக்டோபரில் முதல் வாக்கை அளித்த அவர், 2022 நவம்பர் 2ஆம் நாள், தமது 106ஆம் வயதில், வீட்டிலிருந்தே கடைசி வாக்கை அளித்தார். மூன்று நாள்களில் காலமானார். சாவடிக்குச் செல்வதா, வீட்டிலிருந்தே அளிப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த முதியவரே.

ஆனால் நம் வீடுகளில் முடிவு செய்பவர் யார்? "அத்தா, வெயில் கொளுத்துகிறது, வேண்டாம்." "அம்மா, உங்கள் ஒரு ஓட்டினால் என்ன ஆகப் போகிறது?" அன்பினால்தான் சொல்கிறோம். சில வேளைகளில் சோம்பலையும் அன்பு என்று பெயரிட்டுச் சொல்கிறோம். அம்ரு இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்கள் கடுமையாகக் கால் ஊனமுற்றவர்கள். உஹதுக்குப் புறப்பட விரும்பியபோது, வாலிபர்களான அவர்களின் மக்கள், அல்லாஹ் உங்களுக்கு விலக்களித்திருக்கிறானே என்று தடுத்தார்கள். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் சென்று மக்களைப் பற்றி முறையிட்டார்கள். விலக்கு உண்டு என்பதை நபியவர்களும் சொன்னார்கள். ஆயினும் மக்களிடம் திரும்பி, அவரைத் தடுக்காதிருந்தால் உங்களுக்கென்ன என்ற கருத்தில் பேசினார்கள். வாக்களிப்பதைப் போருக்கு ஒப்பிடுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்த மக்களுக்குக் கிடைத்த பதிலைத்தான் நாம் பார்க்க வேண்டும். விலக்கைப் பயன்படுத்துவதும் விடுவதும் தந்தையின் உரிமை. பிள்ளையின் உரிமை அன்று.

தேர்தல் நாள் ஊதியத்துடன் கூடிய விடுமுறை என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் (135பி) சொல்கிறது. உள்ளூரில் வேலை செய்யும் பிள்ளைக்கு அன்று நேரமில்லை என்ற சாக்கும் இல்லை.

வாகனத்தைப் பற்றி ஒரு சொல். அன்று காலை ஏதேனும் ஒரு கட்சியின் ஆட்டோ வாசலில் வந்து நிற்கும், "நன்னியை நாங்கள் கூட்டிப் போகிறோம்" என்பார்கள். வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ வாக்காளர்களை இலவசமாக ஏற்றிச் செல்ல வாகனம் அமர்த்துவது அதே சட்டத்தின் 123(5) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. அதில் ஏறி இறங்கும் முதியவரின் மனத்தில் நன்றிக்கடனும் ஏறிக்கொள்கிறது. நம் வீட்டு மோட்டார் சைக்கிளோ, நாமே கூலி கொடுத்த ஆட்டோவோ போதும். சக்கர நாற்காலி தேவையென்றால் 1950 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். தேர்தல் ஆணையத்தின் கைப்பேசிச் செயலியிலும் பதிவு செய்யலாம். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. இதை வெட்கப்படாமல் கேளுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

சாவடியில் சாய்வுப் பாதை இல்லை என்று அரசாங்கத்தைக் குறை சொல்வதற்கு முன், நம் பள்ளிவாசலின் வாசலைப் பார்த்தேன். தெருவிலிருந்து ஏழு படிகள். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஆடுகிறது. குஜராத்தின் கிர் காட்டிலுள்ள பானேஜ் என்னும் இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தேர்தல் அலுவலர்கள் சாவடி அமைத்திருக்கிறார்கள். நாமோ, ஐவேளையும் வர ஏங்குகின்ற முழங்கால் வலிக்காரர்கள் இருபது பேருக்காக ஒரு சரிவை இன்னும் கட்டவில்லை. முத்தவல்லி அவர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஜமாஅத்தின் நிர்வாகத்தில் பள்ளிக்கூடங்கள் உள்ள ஊர்களில், அவை பெரும்பாலும் வாக்குச்சாவடிகளாகவும் ஆகின்றன. அங்கே தேர்தலுக்காகப் பலகையைச் சாய்த்து வைக்காமல் சிமெண்டில் நிரந்தரமாகக் கட்டிவிட்டால், கால் ஊனமுற்ற குழந்தை ஆண்டு முழுவதும் அதில் வகுப்பிற்குச் செல்லும்.

ஒரு தாய் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்: மகனுக்குப் பத்தொன்பது வயது, அறிவு வளர்ச்சி குறைந்தவன், அவனுக்கெல்லாம் வாக்கு உண்டா என்று. உண்டு சகோதரியே. தகுதி வாய்ந்த நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என அறிவித்தாலன்றி அவருடைய பெயரைச் சேர்க்க மறுக்க முடியாது. வீட்டாரோ, தெருவாரோ, அலுவலரோ அதை முடிவு செய்ய இயலாது. 6ஆம் படிவம் கொடுத்துப் பெயரைச் சேருங்கள். அதிலேயே மாற்றுத்திறனாளி என்ற விவரத்தைக் குறிப்பிடலாம். ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்களுக்கு 8ஆம் படிவம். சின்னங்களை அவனுக்குப் பொறுமையாகக் காட்டுங்கள். எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாதீர்கள்.

யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று இந்த மிம்பரிலிருந்து சொல்லப்படமாட்டாது. இவ்விஷயத்தில் என்னை வற்புறுத்த வருவோருக்கும் இதுவே பதில்.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவருக்கு இப்போது திருமணமாகி இரண்டு பிள்ளைகள். 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள், வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு நன்னி ஒருவர், பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்து, பார்வையும் மங்கியவர், மகன் வெளிநாட்டில். அந்த இளைஞரைத்தான் துணைக்கு அழைத்திருக்கிறார். காலை ஏழரை மணிக்கே ஆட்டோ வைத்து அழைத்துச் சென்று, உறுதிமொழியில் கையொப்பமிட்டு, நன்னி காதில் சொன்ன சின்னத்தை அழுத்தி, ஒப்புகைச் சீட்டில் தெரிந்ததை அவர் காதோரம் மெல்லப் படித்துச் சொல்லி, வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அன்று ஜுமுஆ முடிந்ததும் என்னிடம் வந்து, ஒன்றும் சொல்லாமல் முஸாஃபஹா மட்டும் செய்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. பிற்பாடு தெரியவந்தது, நன்னி எந்தச் சின்னத்தைச் சொன்னார் என்று அவருடைய மனைவியே இரவில் கேட்டிருக்கிறார். "நன்னியிடமே போய்க் கேள்" என்றாராம். அவரும் போய்க் கேட்டிருக்கிறார். நன்னி சொல்லவில்லை.